டீக்கன் வீட்டுக்குப் போன கேக்

‘வயது அறுபத்தேழு. பணி ஓய்வு பெற்றவர். உடலசைவு குறைந்த வாழ்க்கை. மருத்துவ ஆலோசனைக்கு ஒத்துழைப்பதில்லை.’

மிசிசிப்பி டெல்டாவின் சிறிய மருத்துவ நிலையம் ஒன்றின் கணினியில் வெர்னீட்டா டாலிவர் இப்படித்தான் பதிவாகியிருந்தார். பதிந்தவர் நாற்காலியில் உட்கார்ந்துதான் பதிந்தார். வெர்னீட்டா அப்போது அதே அறையில் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார்.

அவருக்கு உட்காரத் தெரியாது. ஞாயிறுதோறும் வெள்ளைக் கையுறை மாட்டித் தேவாலய வாசலில் நின்று, வருகிறவர்களுக்கு இடம் காட்டி உட்காரவைப்பது அவர் பொறுப்பு. ஊரையே உட்காரவைத்த பெண்மணி, ஆராதனை முடியும்வரை தான் மட்டும் உட்காரமாட்டார்.

அந்த வாசலுக்குத்தான் இப்போது ஆபத்து.

“சுகர் இப்படியே போனா பாதம் மரத்துப்போகும். அப்புறம் மணிக்கணக்கா நிக்கறதை மறந்துடுங்க. மூணு மாசம் பாப்போம்” என்றார் டாக்டர்.

வெர்னீட்டாவின் அக்கா இயர்லீனுக்கு அப்படித்தான் தொடங்கியது, ஒரு கால் விரலில். கடைசி இரண்டு வருடம் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து அதே வாசல் வழியாகத் தள்ளிக்கொண்டு போனவர் வெர்னீட்டாதான். அன்றிரவு படுக்கையில் தன் கால்விரல்களை அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டார்.

வீட்டில் சமாளித்துவிட்டார். டீயில் சர்க்கரை நின்றது. முதலில் கீரையும் பீன்ஸும், பிறகுதான் மற்றவை. சாப்பிட்ட கையோடு சோபா பக்கம் போகாமல் தெருவில் இறங்கி நடந்தார். அதற்கு யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இழவுச் சாப்பாடுதான் சிக்கல். அடக்கம் முடிந்ததும் தேவாலயத்தின் பின்கூடத்தில் எல்லாருக்கும் பந்தி. பந்தியைக் கவனிக்கும் சபைப் பெண்மணி சிஸ்டர் லர்லீன் வெண்ணெயும் சர்க்கரையும் கொட்டிச் சுடும் பவுண்டு கேக்கை வேண்டாமென்றால் செத்தவரையே அவமதித்ததாகக் கணக்கு. அந்தக் கோடையில் சாவும் அதிகம், கேக்கும் அதிகம்.

வெர்னீட்டா ஒரு வழி கண்டுபிடித்தார். தட்டு நிறைய வாங்கி, அலுமினியத் தாளால் மூடி, “வீட்டுல போய் நிதானமா சாப்பிடறேன்” என்று சொல்லிக் கிளம்புவார். பருத்தி ஆலைப் பக்கம் குடியிருந்த சபை மூப்பர், டீக்கன் ஆம்ஸி ரஃபின், மூட்டு வலியால் பந்திக்கு வருவதில்லை. தட்டு அவரிடம் போய்ச் சேரும். கேக்கும் தொலைந்தது, நடையும் ஆயிற்று, புண்ணியமும் கிடைத்தது.

மூன்று மாதம் கழித்து நர்ஸ் கியோஷா கணினியைப் பார்த்துச் சிரித்தாள். “நல்லா இறங்கியிருக்கு மிஸ் வெர்னீட்டா! இப்பவாவது உக்காருங்களேன்.”

வெர்னீட்டா உட்காராமல் வெளியே வந்தார். அங்கே டீக்கன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வாடிய முகத்துடன் உட்கார்ந்திருந்தார்.

“என்ன டீக்கன், யாராவது அடிச்சுட்டாங்களா?”

“என் சுகர் ஏறிடுச்சாம் சிஸ்டர். அந்தப் பொண்ணு என்னைக் கோழித் திருடன் மாதிரி பாக்குது. கடையில ஒரு மிட்டாய் வாங்கினதில்லைன்னு பைபிள் மேல சத்தியம் பண்ணேன்.”

“உங்களுக்குச் சுகரா? எப்போலேர்ந்து?”

“ரொம்ப வருஷமா.”

“என்கிட்ட சொல்லவே இல்லையே!”

“சொன்னா கேக்கை நிறுத்திடுவீங்களே.” தொப்பியைத் தடவிக்கொண்டே சொன்னார்: “அதோட, ஜெபம் பண்ணிக் குடுக்கற சாப்பாடுதானே, ஏறாதுன்னு நெனச்சேன்.”

வெர்னீட்டா வீடு வந்து முன்வாசலில் இருட்டும்வரை குறுக்கும் நெடுக்கும் நடந்தார். சர்க்கரை இறங்கவில்லை, வீடு மாறியிருக்கிறது. தட்டை வாங்க மறுத்தால் லர்லீன் சும்மா விடமாட்டாள். வாங்கினால் டீக்கனின் கால் போகும். தானே தின்றால் வாசல் போகும்.

அடுத்த அடக்கம் வியாழக்கிழமை வந்தது. லர்லீன் கத்தியுடன் கேக்குக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

“எனக்கு வேண்டாம் சிஸ்டர்.”

பந்தியில் இருந்தவர்கள் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னது?”

“கீரையும் கோழியும் போதும். ரெண்டு தட்டுல வைங்க.”

“ஓ! போன தடவை மட்டும் இனிச்சுதாக்கும்?”

“போன தடவை நான் ஒரு வாய்கூடத் திங்கல. அதுக்கு முந்தியும் திங்கல. எல்லாம் டீக்கன் வயித்துலதான் இருக்கு.”

லர்லீன் கத்தியை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். யாரும் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை. வெர்னீட்டா தானே கரண்டியை எடுத்துக் கீரையை அள்ளி வைத்துக்கொண்டார்.

தன் வீட்டில் டீக்கன் தட்டின் தாளைப் பிரித்தார். தாளின் அடியிலும் தேடினார்.

“கேக் எங்க?”

“இல்ல. சாப்பிட்டுத் தடியை எடுங்க, நடக்கப் போறோம்.”

“என் முட்டி?”

“மெதுவாத்தான்.”

பருத்தி ஆலை வேலிவரை டீக்கனை நடத்திக் கூட்டிப் போய், வழியெல்லாம் அவர் திட்டியதைக் கேட்டுக்கொண்டே, வெர்னீட்டா அவரைத் திரும்ப வீட்டில் கொண்டுவந்து விட்டார்.