பாலாறு இறக்கத்தில் செத்துச் செத்துப் பிழைத்த வயர்லெஸ்

மைசூரிலிருந்து பாலாறு போகும் சாலையைப் பற்றி எழுதச் சொல்லிச் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எழுதுகிறேன். ஆனால் முதலில் அந்தச் சாலையில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நானும் என் மனைவி வசந்தியும் மைசூரில் ஒரு சின்ன வயர்லெஸ் கம்பெனியில் வேலை பார்த்தோம். வழியிலுள்ள மாதேஸ்வரன் மலைக் காட்டுப் பாதையில் அப்போதெல்லாம் வண்டிகள் காட்டுக் கொள்ளையருக்குப் பயந்து கூட்டமாகத்தான் போகும். முதல் வண்டியும் கடைசி வண்டியும் பேசிக்கொள்ள வழி வேண்டும் என்று சுற்றுலா வேன் நடத்தும் ஒருவர் கேட்டார். எங்கள் செட்டுக்கு அவ்வளவு தூரம் எட்டாது. ஆகவே நடுவில் ஒரு வண்டியை விட்டோம். பின்னால் பேசுவதை அதிலிருக்கும் ஒரு செட் வாங்கும், பக்கத்திலிருக்கும் இன்னொன்று முன்னால் அனுப்பும். டிரைவர்கள் அணைக்க மறந்து பேட்டரியைத் தீர்த்துவிடுகிறார்கள் என்பதால், வண்டிச் சாவியைத் திருப்பினால்தான் செட்டுக்கு உயிர் வரும்படி இணைத்திருந்தோம்.

சோதித்துப் பார்க்க ஒரு நாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். முன்னால் ஜீப்பில் நானும் டிரைவர் நாகராஜுவும். நடு வேனில் வசந்தி. அதை ஓட்டியவர் கௌதள்ளிக்காரர் சின்னச்சாமி. கடைசியாக ஒரு காரில் எங்களோடு வேலை பார்த்த சுரேஷ். கொள்ளேகால் சுமார் அறுபது கிலோமீட்டர், சமதளம். நேராகப் பேசினால் ஐந்து கிலோமீட்டரில் கரகரத்துப் போன சுரேஷின் குரல், நடு வேன் வழியாக ஒன்பதைத் தாண்டியும் கணீரென்று வந்தது. ஜீப்புக்குள்ளேயே கைதட்டினேன்.

ஹனூர், கௌதள்ளி தாண்டி மலை ஏறும்வரை குறையே இல்லை. மேலே சாப்பிட்டுவிட்டுப் பாலாறு பக்கம் இறங்கினோமோ இல்லையோ, செட்டில் குரல் அறுந்து அறுந்து வந்தது. கொஞ்ச நேரம் வரும், பிறகு பொசுக்கென்று நின்றுவிடும்.

"பெட்டா அட்ட பந்திதே சார், மலை குறுக்க வந்துட்டா அவ்ளோதான்" என்றார் நாகராஜு. நானும் பெரிய மேதாவி போலத் தலையாட்டினேன். மலை மறைத்தால் குரல் கரகரத்துத் தேய்ந்துதான் போகும், இப்படிக் கத்தரித்த மாதிரி நிற்காது. அது அப்போது உறைக்கவில்லை.

பாலாறு செக்போஸ்ட்டுக்கு வந்து, ஜீப்பைத் தடுப்புக் கம்பிக்கு முன்னால் நடுச்சாலையில், செட்டுக்காகச் சாவியை அணைக்காமல் நிறுத்திவிட்டு, ஏரியலை எவ்வளவு உயர்த்தலாம் என்று பேசிக்கொண்டு டீ குடித்தோம். செட் திடீரென்று அலறியது. சுரேஷ்.

"...ப்ரேக் புடிக்கல! வேன் நிக்காம போகுது! வழி விடுங்க, வசந்தி உள்ள இருக்காங்க!"

டீ கிளாஸ் கையிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியாது. "எத்தி! கேட் எத்தி!" என்று கம்பியைத் தூக்கச் சொல்லிக் கன்னடத்தில் கத்திக்கொண்டே நாகராஜு ஜீப்பை ஓரமாக ஏற்றினார். காவலர் பாய்ந்து கம்பியைத் தூக்கினார். நான் அந்தக் கடைசி வளைவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேன் வந்தது. எஞ்சின் உறுமி வேகத்தை இழுத்துப் பிடித்தபடி, பக்கத்துத் தகரம் கிழிந்து தொங்க, கம்பியைத் தாண்டிப்போய் ஓரத்து மணல் குவியலில் ஏறி நின்றது. கதவைத் திறந்தேன். வசந்தி உட்கார்ந்திருந்தாள். உயிரோடு. எனக்குத்தான் அழுகை வந்தது.

சின்னச்சாமி கீழே இறங்கி வந்தார். "எறக்கத்துல எதுக்குங்க எஞ்சினுன்னு சாவிய அணைச்சு அணைச்சு உருட்டுனேனுங்க. டீசலு மிச்சமாகுமுன்னு எல்லாரும் பண்றதுதானுங்க. ப்ரேக்குப் பெடலு கல்லாட்டம் ஆயிருமுன்னு நெனைக்கலீங்க. அம்மிணி போட்ட சத்தத்துலதான் மறுக்காச் சாவியத் திருப்புனேன்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. எஞ்சின் ஓடாவிட்டால் அந்த வேனின் பிரேக்குக்குத் துணை பலம் கிடையாது, இரண்டு மூன்று மிதியோடு சரி. சாவி அணைந்தால் செட்டும் அணையும். ஆபத்து நடு வேனில். அதைச் சொல்ல இருந்த ஒரே வழியும் அதே வேன். சுரேஷ் பின்னால் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே வந்திருக்கிறான், நான் மலையைத் திட்டிக்கொண்டு டீ குடித்திருக்கிறேன்.

சாலை இன்று நன்றாக இருக்கிறது. பகலிலேயே இறங்கிவிடுங்கள். இறக்கத்தில் இரண்டாவது கியர். எஞ்சினை அணைக்கவே கூடாது. வாடகை வண்டி என்றால், ஏறுவதற்கு முன்பே டிரைவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. வண்டிகளுக்கு நடுவே பேச ஏதாவது பொருத்துகிறீர்கள் என்றால், நேராகப் பேட்டரியில் இணையுங்கள். பேட்டரி தீர்ந்தால் தள்ளிக்கொள்ளலாம்.

அன்று திரும்பும்போது வசந்தியிடம், சுரேஷின் குரலைக் கேட்டதும் என் உயிரே போய்விட்டது என்றேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏங்க, அவன் குரல் உங்களுக்குக் கேட்டுச்சுன்னா எங்க எஞ்சின் பத்திக்கிச்சுன்னு அர்த்தம். நீங்க பயந்திருக்க வேண்டியது அதுக்கு முன்னாடி, நீங்க டீ குடிச்சிட்டிருந்தப்போ."