நான் தீர்த்து வைத்த தகராறு

சட்டம் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது கடலூரில் எங்கள் வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அரை மார்க்குக்காக டீச்சரிடம் அரை மணி நேரம் வாதாடியவள் நான். வாய் இருக்கிறது, பிழைத்துக்கொள்வாள் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள்.

நான் குறி வைத்தது லேசுப்பட்ட இடம் இல்லை. வெளிமாநிலத்தில், ஒரு சீட்டுக்கு ஊர்ப்பட்ட பேர் முட்டி மோதுகிற சட்டப் பல்கலைக்கழகம். நுழைவுத் தேர்வில் எப்படியோ தேறிவிட்டேன். அடுத்து ஒரு கட்டுரை கேட்டார்கள். உங்கள் பகுதியில் நீங்கள் முன்னின்று செய்த ஒரு நல்ல காரியத்தைப் பற்றி எழுத வேண்டும், சம்பந்தப்பட்டவரின் கையெழுத்தோடு ஒரு கடிதமும் இணைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நேர்காணல்.

யோசித்துப் பார்த்தேன். பதினேழு வயது வரை நான் முன்னின்று செய்த ஒரே காரியம், கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் இடம் பிடித்தது.

ஆகவே சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே என் தாய்மாமா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஜெராக்ஸ் என்பது பேருக்குத்தான். உண்மையான தொழில் ஆன்லைனில் விண்ணப்பம் நிரப்புவது. எந்தக் கட்டத்தில் எதைப் போட்டால் எடுபடும் என்பது அவருக்கு அத்துப்படி. பாடப் புத்தகத்தையே திறக்காத பிள்ளைகளுக்கும் பொழுதுபோக்கு என்ற இடத்தில் "புத்தகம் வாசித்தல்" என்று அடித்துவிடுவார்.

என் பிரச்சினையைக் கேட்டதும் மாமா உற்சாகமாகிவிட்டார்.

"ரெண்டு கடைக்காரங்களுக்குத் தகராறு. நீ பேசித் தீத்து வச்ச. ஒரு கடைக்காரன் நானு, இன்னொருத்தன் நம்ம டெய்லர் மச்சான்."

"எதுக்கு மாமா தகராறு?"

"போர்டு. என் போர்டு அவன் போர்ட மறைக்குது."

ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னார். அந்த வேகத்தை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். பெரிய வக்கீலாகப் போகிறவள், கவனிக்கவில்லை.

டெய்லர் மாமா பக்கத்துக் கடைக்காரர். பரங்கிப்பேட்டையிலிருந்து தினமும் வண்டியில் வந்து போகிறவர். இரண்டு பேருக்கும் எந்த உறவும் கிடையாது. ஆனால் எட்டு வருஷமாக ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பதினோரு மணி டீயை ஒருவர் இல்லாமல் இன்னொருவர் குடித்ததில்லை.

கடிதத்தை டெய்லர் மாமா எழுதுவது போல நானே எழுதினேன். சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாக வந்தது. "அவருடைய பலகை என் பலகையை மறைப்பது நன்றாகத் தெரிந்திருந்தும் எட்டு ஆண்டுகளாக அவர் அதை நகர்த்தவில்லை. வாடிக்கையாளர்கள் என் கடையைத் தாண்டிப் போனார்கள். மனம் வெந்தேன்." மனம் வெந்தேன் என்ற இடத்தை நானே இரண்டு முறை சத்தமாகப் படித்துப் பார்த்துக்கொண்டேன். கடைசிப் பத்தியில் நான் வந்து எல்லாவற்றையும் சரி செய்துவிடுகிறேன்.

கையெழுத்து வாங்கப் போனேன். டெய்லர் மாமா மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முதலில் சிரித்தார். பிறகு ஒரு இடத்தில் நின்றுவிட்டார். இந்தப் போர்டு விஷயத்தை யார் சொன்னது என்று கேட்டார். மாமாதான் என்றேன். பெருமையாக வேறு சொன்னேன். அதற்குள் மாமாவும் வாசலுக்கு வந்துவிட்டார்.

டெய்லர் மாமா அவரைப் பார்த்துச் சொன்னார்: "போர்டு மறைக்கிறது உனக்குத் தெரியுமா மச்சான்? இத்தினி வருஷமா உனக்குத் தெரியாதுன்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன். சொன்னா சங்கடப்படுவியேன்னு வாயத் தொறக்கல."

எந்தக் கட்டத்திலும் எதையாவது போடத் தெரிந்த மாமா, தலையைக் குனிந்துகொண்டு தன் கடைக்குத் திரும்பிப் போய்விட்டார். டெய்லர் மாமா பேனாவை வாங்கி அழகாகக் கையெழுத்துப் போட்டு, "புள்ள படிப்பு" என்று மட்டும் சொல்லி என்னிடம் நீட்டினார். அவர் திட்டியிருக்கலாம். கையெழுத்துப் போட்டது எனக்கு அதைவிட அவமானமாக இருந்தது.

அவமானப்பட்டேன்தான். ஆனாலும் மறுநாள் மதியம் கடைசி நேரம் என்பதால் கடிதத்தை அப்லோட் செய்தேன். அப்போது நான் அப்படிப்பட்டவள்தான்.

அடுத்த வாரம் மாமா வீம்புக்குத் தன் போர்டை மொத்தமாகக் கழற்றி உள்ளே சாத்திவிட்டார். கடையை மூடப் போகிறீர்களா என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்களாம். டெய்லர் மாமாவோ, நாங்கள் அடித்துக்கொண்டோம் என்று ரோடு முழுக்கத் தண்டோரா போடத்தான் இந்த ஆள் கழற்றினான் என்று என்னிடம் பொருமினார். பதினோரு மணிக்கு இரண்டு கடைக்கும் டீ தனித்தனியாகப் போக ஆரம்பித்தது. மாமா என்னிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐடியா கொடுத்தது அவர், எழுதியது நான், மாட்டிக்கொண்டது அவர்களுடைய மச்சான் உறவு.

நேர்காணல் வீடியோவில் நடந்தது. கடலூர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மையார் என் கட்டுரையைப் பாராட்டிவிட்டு, அந்தக் கடைக்காரர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். அண்ணன் தம்பியாக இருக்கிறார்கள் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். வாய் வரவில்லை. நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன்.

அப்படியானால் இந்தக் கடிதம் பொய்யா என்று கேட்டார்.

எழுதும்போது முழுப் பொய், இப்போது பாதி உண்மையாகிவிட்டது, சண்டை வந்துவிட்டது, தீர்த்து வைத்ததுதான் இன்னும் நடக்கவில்லை என்றேன். ஒருவர் சிரிப்பை அடக்கக் குனிந்தார். அம்மையார் சிரிக்கவில்லை. சீட்டுக்கு முழுக்குப் போட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

சீட்டுக் கிடைத்தது. ஏன் கொடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கோட்டு ஒன்று தைத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள்.

டெய்லர் கடையில் அளவுகளை நோட்டில் எழுதுவது காஜா எடுக்கும் அக்கா. அந்த அக்கா லீவு போட்ட நாளாகப் பார்த்து, தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது என்று ஒரு பச்சைப் பொய் சொல்லி மாமாவையும் இழுத்துக்கொண்டு போனேன். அவர் வாசலிலேயே நின்றார்.

டெய்லர் மாமா டேப்பை என் தோளில் வைத்து, "பதினாலு" என்றார். எழுத ஆள் இல்லை. நான் கையை நீட்டிக்கொண்டு அப்பாவி முகத்தோடு நின்றேன். அவர் கொஞ்சம் உரக்க இன்னொரு முறை சொன்னார். மாமா உள்ளே வந்து நோட்டை எடுத்து, "பதினாலு" என்று சொல்லியபடியே எழுதினார். இரண்டு மாதத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அதுதான்.

"கை இருவத்தி ரெண்டு."

"இருவத்தி ரெண்டு."

டேப்பைச் சுருட்டிக்கொண்டே டெய்லர் மாமா என்னைப் பார்த்தபடி அவரிடம் பேசினார். "போர்ட எடுத்து மாட்டு மச்சான். கடை மூளியா இருக்குது, பாக்க சகிக்கல."

மாமா நோட்டை மூடி வைத்தார். "எங்க மாட்டட்டும்?"

"நான் சொல்ற எடத்துல."