ராஜாவுக்குத் தெரியுமா?

எண்பத்தொன்பது ஜனவரியில் ஜப்பான் சக்கரவர்த்தி இறந்தபோது கலிபோர்னியாவின் சன்னிவேலில் அதிகம் கலங்கியது அநேகமாக நான்தான். அவருக்காக அல்ல, என் கிரீன் கார்டுக்காக. என் மேனேஜர் ஜப்பான்காரர். அவர் கையெழுத்துப் போட வேண்டிய கடிதம் மூன்று வாரமாக அவர் மேஜையிலேயே கிடந்தது. என் விசா முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. நம் ஊர் வழக்கப்படி ஒரு எட்டுப் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வந்தால் மனுஷனுக்கு என் ஞாபகம் வரும் என்று நினைத்தேன். வெட்கக்கேடுதான்.

என்னோடு தங்க ஊரிலிருந்து வந்திருந்த அப்பா, "நானும் வரேன். துக்க வீட்டுக்கு நீ தனியா போவியாம்மா? பெரியவங்க ஒருத்தர் கூட வரணும்" என்றார்.

அப்பா மலாயா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரர்கள் அவரையும் பெரியப்பாவையும் ரயில் பாதை போடச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். காலராவில் பெரியப்பா அங்கேயே போய்ச் சேர்ந்தார். அப்பா மட்டும் திரும்பினார். ஆனால் ஜப்பான் ராஜாவை ஒருநாளும் திட்டியதில்லை. "அவருக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சா விட்டிருப்பாரா? எல்லாம் கீழ இருந்தவனுங்க பண்ணது" என்பார். அந்த வாரம் பேப்பர் முழுக்க அதே விவாதம்தான்: சண்டைக்கு ராஜா பொறுப்பா, அல்லது வெறும் பொம்மையா? அப்பாவுக்கு இங்கிலீஷ் வராதது நல்லதாகப் போயிற்று.

காரில், "அப்பா, அங்க பழைய கதையெல்லாம் வேணாம், ப்ளீஸ்" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."

மேனேஜர் கறுப்பு டையோடு கதவைத் திறந்தார். அப்பா விறைத்து நின்று, இடுப்பிலிருந்து அளவெடுத்த மாதிரி குனிந்தார். சயாமில் தினமும் காலையில் ராஜா இருக்கும் திசையைப் பார்த்துக் குனிய வைப்பார்களாம். மேனேஜர் நெகிழ்ந்துபோய் இன்னும் தாழக் குனிந்தார்.

உள்ளே பால் இல்லாத டீ கொடுத்தார். அப்பா பத்து நிமிஷம் சமர்த்தாக இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒண்ணே ஒண்ணு கேளும்மா. நாங்க அங்க செத்துக்கிட்டு இருந்தது அவங்க ராஜாவுக்குத் தெரியுமா?" என்றார்.

மேனேஜர் என் இங்கிலீஷுக்காகக் காத்திருந்தார். கடிதம்தான் கண்ணில் நின்றது. "உங்கள் சக்கரவர்த்தி கடைசியில் ரொம்ப வேதனைப்பட்டாரா என்று அப்பா கேட்கிறார்" என்று சொல்லிவிட்டேன்.

மேனேஜரின் கண் கலங்கியது. ரொம்ப என்றார். ஆனால் கடைசிவரை வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றார்.

"என்ன சொல்றார்?"

இன்னொரு பொய்க்குத் துணிச்சல் இல்லை. அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். "ரொம்ப வேதனைப்பட்டாராம்ப்பா. ஆனா கடைசிவரைக்கும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலையாம்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். வாசலில் மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டு, திங்கட்கிழமை கடிதம் தயாராக இருக்கும் என்றார்.

காரில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டு அப்பா சொன்னார். "அப்போ தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சேதான் எங்கண்ணனைச் சாக விட்டிருக்கான்."

அவர் வாயில் அந்த ராஜா 'அவன்' ஆனது அன்றைக்குத்தான். எல் கமீனோ ரோட்டில் ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று போனோம். உண்மையைச் சொல்ல ஒவ்வொரு சிவப்பிலும் நேரம் இருந்தது. சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ராஜாவுக்கு நிஜமாகவே தெரியுமா என்று படித்தவர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். தெரிந்தும் இருக்கலாம். ஆனால் நாற்பது வருஷத்துக்கு மேலாக அப்பாவிடம் இல்லாத ஒரு வெறுப்பை, அவர் சாகும்வரை சுமக்கும்படி கொடுத்தது நான்தான்.