சாய்த்து வைத்த அட்டை

என் ஓரகத்தி தான் தைத்த துணிக் கட்டங்களைத் தன் கையாலேயே வெட்டிப்போட்டது ஐப்பசி மாதம், விடாமல் மழை பெய்த ஒரு நாளில். முப்பத்திரண்டு கட்டங்கள். ஒவ்வொன்றும் பாதி சிவப்பு, பாதி வெள்ளை, நடுவில் மூலைக்கு மூலை ஒரு தையல். மேடம் கத்திரியை மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். கட்டம் கோணலாக வந்தால், யார் தைத்தார்களோ அவர்களே எல்லாரும் பார்க்க வெட்ட வேண்டும். அந்தத் தையல்கூடத்தில் அதுதான் சட்டம். வெட்டிய துண்டு தலையணைக்குள் அடைக்கப் போகும். அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள், நாலாக வெட்டினாள், கூடையில் போட்டாள். நான் எதிரே நின்று மறுநாளைக்கான துணியை மடித்துக்கொண்டிருந்தேன். கட்டங்கள் கோணிப்போனது அவளால் இல்லை, என்னால். அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்களுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஒரே கூரை, நடுவில் ஒரு தட்டி, அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள், மாமியார் இரண்டு பக்கமும். நடவும் அறுப்பும் இல்லாத நாளில் சோற்றுக்குத் திண்டாட்டம். அப்போதுதான் மன்னார்குடி போகிற ரோட்டில், மூடிக்கிடந்த ஒரு ரைஸ்மில் கட்டடத்தில், கும்பகோணத்திலிருந்து வந்த ஒரு அம்மா தையல்கூடம் ஆரம்பித்தார். அவரைத்தான் மேடம் என்போம். ஒட்டுத்துணியில் போர்வை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற வேலை. எங்கள் தெருவிலிருந்து முதலில் போனவள் அக்கா. என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

வேலை பார்க்கச் சுலபம், செய்தால் தெரியும். வெள்ளையில் ஒரு சதுரம், சிவப்பில் ஒரு சதுரம், இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து, மூலைக்கு மூலை சாக்கில் கோடு போட வேண்டும். கோட்டுமேல் தைக்கக் கூடாது. கோட்டுக்கு இந்தப் பக்கம் கால் இன்ச், அந்தப் பக்கம் கால் இன்ச் தள்ளி இரண்டு தையல். அப்புறம்தான் கோட்டுமேல் வெட்டு. விரித்தால் இரண்டு கட்டம் கிடைக்கும். முதலிலேயே முக்கோணமாக வெட்டிவிட்டுத் தைத்தால் கிராஸ் ஓரம், அதாவது இழைக்குக் குறுக்கே போகிற ஓரம், இழுத்துக்கொள்ளும். கடைசியில் மூணு இன்ச் கட்டம் வேண்டும் என்றால் முதலில் மூணே முக்காலே அரைக்கால் இன்ச்சில் வெட்ட வேண்டும். எட்டில் ஒரு பங்கான இந்த அரைக்கால் கணக்கு படித்த பெண்களுக்கு வரவில்லை, எங்களுக்கு வந்தது. நெல்லும் நிலமும் அரைக்கால், வீசம் என்று பேசிக் கேட்டே வளர்ந்த காது. இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் இழுக்கக் கூடாது, வைத்து எடுக்க வேண்டும். அக்கா தைத்த நாலு கட்டத்தைச் சேர்த்து வைத்தால் நடுவில் நாலு முனையும் ஊசி குத்துகிற இடத்தில் சந்திக்கும். என் தையல் எப்போதும் கோட்டை விட்டு ஓடிவிடும். அதனால் மேடம் என்னை மெஷினிலிருந்து எழுப்பி வெட்டுமேசையில் நிறுத்தினார். அதற்கும் அக்கா கிண்டல் செய்தாள். "மூச்சப் பிடிச்சுக்கிட்டு வெட்டாதடி, துணிக்கு ஒண்ணும் வலிக்காது."

அந்தக் காலத்தில் ஊரில் இரண்டு கொடி. பண்ணைக்காரர் வாசலில் ஆளும் கட்சிக் கொடி, எங்கள் தெருமுனையில் விவசாயக் கூலிகள் சங்கத்துச் செங்கொடி. பண்ணைக்காரர் முன்னே வேறு கட்சி. ஆட்சி மாறியதும் தோள் துண்டை மாற்றிக்கொண்டார். நில உச்சவரம்புச் சட்டம் வரும் என்று நிலத்தை மாடு மேய்க்கிறவன் பேரிலும், செத்துப்போன சித்தப்பா பேரிலும் எழுதிவைத்திருந்தார். அந்த வருஷம் குறுவை அறுப்புக்குக் கூலி கூட்டிக் கேட்டு எங்கள் தெரு வேலைக்குப் போகவில்லை. பண்ணைக்காரர் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார், கூடவே போலீஸ். வெளியூர் ஆட்களோடு அக்காவின் புருஷன், என் மூத்தாரும் வயலில் இறங்கினார். அவருக்கு ஒரு காரணம் இருந்தது. அவர்கள் பெண் ஆறு வயசு, நெஞ்சுக் கோளாறு. ஆடி மாதம் மூச்சு முட்டியபோது பண்ணைக்காரரின் கார்தான் பிள்ளையை மன்னார்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. கார் ஏறினவன் அறுப்புக்கு வர மாட்டேன் என்று சொல்ல முடியுமா என்று மூத்தார் கேட்டார். தெருவில் யாரும் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கவில்லை. வயலில் அடிதடி ஆனது. எங்கள் தெரு ஆண்கள் பதினோரு பேரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அதில் என் வீட்டுக்காரர் ஒருத்தர். எனக்குக் கைக்குழந்தை.

தெரு கூடி முடிவு செய்தது. மூத்தார் வீட்டுக்கு யாரும் நெருப்புக் கொடுக்கக் கூடாது, பம்பில் தண்ணீர் பிடிக்க விடக் கூடாது, பேசக் கூடாது. தட்டிக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்கும். இந்தப் பக்கம் நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மாமியார் மட்டும் இரண்டு பக்கமும் போய் வந்தார். கிழவியைத் தடுக்க யாருக்கும் வாய் வரவில்லை. அப்போது சங்கத்துச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, தையல்கூடத்திலும் அவள் இருக்கக் கூடாது என்றார். "உன் புருஷன் உள்ள இருக்கான். காட்டிக் கொடுத்தவன் பொண்டாட்டி மெஷின்ல உக்காந்து காலாட்டிக்கிட்டு இருக்கா. நீ பக்கத்துலதான இருக்க, பாத்துக்க." எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அவருக்குத் தையலைப் பற்றி என்ன தெரியும். எப்படி என்று கண்டுபிடித்தது நான். தெரு சொன்னது, செய்தேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அது பாதிதான். அவள் கட்டத்தை மேடம் எடுத்துக் காட்டி, மற்றவர்களைப் பார்த்து இப்படித் தை என்று சொல்கிறபோதெல்லாம் என் வயிறு எரிந்தது. தெரு வாயைத் திறக்கும் முன்னாலேயே எரிந்தது.

காலையில் ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகத் துணிக் கட்டு நான்தான் கட்டிவைப்பேன். அவள் கட்டுக்கு மட்டும் அளவு அட்டையைத் துணியின் கரைக்கு நேராக வைக்கவில்லை. மூலை கரையைப் பார்க்கிற மாதிரி சாய்த்து வைத்துக் கோடு போட்டேன். அளவு சரியாக இருக்கும், ஸ்கேல் வைத்துப் பார்த்தாலும் குற்றம் தெரியாது. நெய்த இழை மட்டும் சதுரத்தின் ஓரத்தோடு ஓடாமல் குறுக்கே ஓடும். நாலு ஓரமும் கிராஸ். பூப்போட்ட துணியாக இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். அது வெறும் சிவப்பு, வெறும் வெள்ளை. தைக்கும்போது ஒன்றும் தெரியாது. சூடான பெட்டி பட்டதும் ஓரம் ரப்பர் மாதிரி நீண்டு, ஒரு பக்கம் அலை அலையாக நிற்கும். அப்படி வெட்டினால் துணி சேதாரம் அதிகம். மிச்சத் துண்டுகளை இடுப்பில் சொருகி வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் போட்டேன்.

முதல் நாள் மேடம் கோணலைப் பார்த்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா ஊசியை மாற்றினாள். மெஷினுக்கு எண்ணெய் விட்டாள். கால் இன்ச்சைத் திரும்பத் திரும்ப அளந்தாள். தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள், அவை வேறு யாருடைய விரல்களோ என்பதுபோல. மற்ற பெண்கள் சிரித்தார்கள், எங்கள் தெருப் பெண்கள் கொஞ்சம் சத்தமாகவே. மூன்றாம் நாள் அவள் எண்ணெயும் விடவில்லை, அளக்கவும் இல்லை. கொடுத்ததைத் தைத்தாள். மனசு விட்டுப்போச்சு என்று நினைத்தேன். எனக்கு அது திருப்தியாக இருந்தது. இருந்ததை இல்லை என்று எழுத முடியாது. நாலாம் நாள்தான் மேடம் கத்திரியை வைத்தார். "நெல்லுல பதர் இருக்கலாம். எம் போர்வையில இருக்கக் கூடாது" என்றார் மெதுவான குரலில். அவர் என்றைக்கும் சத்தம் போட்டதில்லை. முப்பத்திரண்டையும் வெட்டி முடித்துவிட்டு அக்கா முந்தானையை உதறிக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள், வேறு ஆள் கிடைக்காமல், அவள் மெஷினில் என்னை உட்காரவைத்தார்கள்.

அறுப்பு முடிந்ததும் பண்ணைக்காரருக்கு மூத்தார் தேவைப்படவில்லை. அடுத்த தடவை பிள்ளைக்கு மூச்சு முட்டியபோது கார் கேட்டுப் போனார். டிரைவர் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தெருவில் தண்ணீர் இல்லை, வயலில் வேலை இல்லை, தையலும் போச்சு. கார்த்திகையில் தட்டிக்கு அந்தப் பக்கம் காலியானது. கொள்ளிடக்கரையில் ஒரு செங்கல் சூளைக்குப் போனார்கள். புகையும் மண்தூசியும் பறக்கிற இடம், நெஞ்சுக் கோளாறு உள்ள பிள்ளைக்கு. மாசியில் பிள்ளை போய்விட்டது என்று சேதி வந்தது. மாமியார் மட்டும் பஸ் ஏறிப் போனார். தெருவில் வேறு யாரும் போகவில்லை. நானும் போகவில்லை. அன்றைக்கு எட்டுக் கட்டம் தைத்தேன். இரண்டு ஓடிவிட்டது.

சித்திரையில் என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். கேஸ் நிற்கவில்லை. கூலியும் கொஞ்சம் கூடியது, தெரு ஜெயித்தது என்று மேளம் அடித்தார்கள். பல வருஷம் கழித்து மாமியார் செத்தபோது அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்டு அழுதார்கள், அன்று சாயங்காலமே சேர்ந்து குடித்தார்கள். ஆண்களுக்கு அவ்வளவுதான். மூத்தார் குடும்பம் திரும்பவும் தெருவுக்கு வந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பழைய கட்டுப்பாட்டைச் சொன்ன செயலாளரே கூரைக்கு மூங்கில் கொடுத்தார்.

மாமியாரின் கருமாதிக்கு முதல் நாள் கொல்லையில் நானும் அக்காவும் மட்டும் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அவள் விரல் நுனியெல்லாம் சூளை மண்ணில் வெடித்து, ஆறி, தடித்துப் போயிருந்தது. ஊசி பிடிக்க முடியாத விரல். பாதிக் கூடை உரித்திருப்போம். அப்புறம் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"ரெண்டாம் நாளே ஓரத்துல ஒரு இழைய உருவிப் பாத்தேன். நீளமா வரல. துண்டு துண்டா வந்துச்சு. சாய்ச்சு வெட்டுன துணி."

என் கை நின்றுவிட்டது. அவள் கை நிற்கவில்லை.

"மேடத்துக்கிட்ட அதக் காட்டிருந்தா அன்னைக்கே உன்னத் தொரத்திருப்பாங்க. உன் புருஷன் உள்ள, மடியில புள்ள. ரெண்டு அடுப்புல ஒண்ணாவது எரியட்டும்னு விட்டேன்."

நான் அக்கா என்று மட்டும் சொன்னேன். அவள் கையை நீட்டி என்னை நிறுத்தினாள்.

"இரு, முடிக்கல. நல்லவளுன்னு நெனச்சுக்காத. எம்பொண்ணு செத்துப்போவான்னு அப்பத் தெரியாது. தெரிஞ்சிருந்தா காட்டிருப்பேன். உம்புள்ள செத்தாலும் பரவால்லன்னு காட்டிருப்பேன்."

சொல்லிவிட்டு உரித்த வெங்காயத்தை என் பக்கம் தள்ளினாள். நறுக்கு என்றாள். நறுக்கினேன்.

இப்போது இரண்டு பேருக்கும் புருஷன் இல்லை. வீடு கான்கிரீட் ஆகிவிட்டது, அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, நடுவில் தட்டி கிடையாது, நாலு வீடு தூரம். அன்று என் மடியில் கிடந்த பிள்ளை சென்னையில் வேலை பார்க்கிறான். வந்தால் பெரியம்மா காலிலும் விழுந்துவிட்டுப் போவான். அவள் ஆசீர்வாதம் செய்வாள், தலையில் கை வைக்க மாட்டாள். தையல்கூடம் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். அந்தப் போர்வைகள் எந்தத் தேசத்தில் யார் கட்டிலில் கிடக்கிறதோ தெரியாது.

நான் இதுவரை அவளிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும், அந்தப் பதிலைக் கொல்லையில் ஒருமுறை காதால் கேட்டாகிவிட்டது. ரேஷன் அரிசி போடுகிற நாளில் அவள் பையையும் சேர்த்து நான் தூக்கிக்கொண்டு வருவேன். எனக்கும் முட்டி வலிதான். அவள் வேண்டாம் என்று சொல்வதில்லை, கையை வீசிக்கொண்டு முன்னால் நடப்பாள். போன மாதம் பாதி வழியில் திரும்பி நின்று, "கனமா இருக்காடி?" என்று கேட்டாள். இல்லக்கா என்றேன். இந்த மாதம் அரிசியோடு கோதுமைப் பையையும் தூக்கி என் தலையில் வைத்தாள்.