சைக்கிள் ஓட்டத் தெரியாத கணக்கு டீச்சர்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கு டீச்சருக்கு வைத்த பெயர் ஸ்டார் டீச்சர். நூற்றுக்கு நூறு வாங்கினால் விடைத்தாளில் பளபளவென்று ஒரு நட்சத்திரம் ஒட்டுவாள். ஒரு மார்க் குறைந்தாலும் கிடையாது. அதில் ரொம்பக் கறார்.

அந்த வகுப்பில் ஒரு தையல்காரரின் மகள் படித்தாள். ஓயாமல் பேசுவதால் அவளை எல்லோரும் ரேடியோ என்பார்கள். நட்சத்திரம் பெரும்பாலும் அவளுக்குத்தான். ஒரு பரீட்சை நாளில் அவளுடைய பை பெஞ்சில் இருந்தது, ஆளைக் காணோம். டீச்சர் தேடிப் போனாள். கழிப்பறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"என்னடா கண்ணு, வயித்து வலியா?"

உள்ளேயிருந்து மூக்குறிஞ்சும் சத்தம். "வகுத்தல் வரும்னு சொன்னீங்க. மீதி வர்ற கணக்கு எனக்குச் சரியா வராது. எழுதாமலே இருந்தா தப்பாகாதுல்ல டீச்சர்?"

டீச்சருக்குப் பகீரென்றது. எட்டு வயசுப் பிள்ளை, ஒரு கணக்குக்குப் பயந்து அந்த நாற்றத்தில் ஒளிந்திருக்கிறது.

"கதவத் திற தங்கம். இன்னைக்கு நீ பரீட்சை எழுத வேண்டாம்."

தாழ்ப்பாள் மெல்ல விலகியது.

மறுநாள் வகுப்பில் டீச்சர் சொன்னாள்: "இனிமே ஸ்டார் கிடையாது. தப்பா வந்தாலும் பரவால்ல, போட்டுப் பாத்தீங்களான்னுதான் பாப்பேன்."

பிள்ளைகள் தலையாட்டினார்கள். ஒருத்தரும் நம்பவில்லை.

"உங்களுக்கென்ன டீச்சர், எல்லாம் தெரியும்," என்றாள் ரேடியோ.

"யார் சொன்னா? எனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது."

வாய் தவறி வந்ததுதான். ஆனால் பிள்ளைகள் விடுவார்களா? அன்று மாலையே வாட்ச்மேனின் சைக்கிள் மைதானத்துக்கு வந்துவிட்டது. டீச்சர் ஏறினாள், தொப்பென்று விழுந்தாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாளும் விழுந்தாள். முழங்கை சிராய்த்தது.

மாடி ஜன்னலிலிருந்து தலைமையாசிரியை கத்தினார். "என்ன கூத்து இது? பெத்தவங்க பாத்தா என்ன நினைப்பாங்க?"

"நல்லாப் பாக்கட்டும் மேடம்!" என்றாள் டீச்சர், மண்ணைத் தட்டிக்கொண்டே.

சில நாளில் சிரிப்பு அடங்கி, பிள்ளைகள் யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். ரேடியோதான் பெரிய வாத்தியார். "கீழ பாக்காதீங்க, நேராப் பாருங்க! நேத்து மரத்துகிட்டயே விழுந்தீங்க, இன்னைக்குத் தாண்டிட்டீங்க டீச்சர்!"

அடுத்த பரீட்சைக்கு ரேடியோ வந்து உட்கார்ந்தாள். மீதி வரும் கணக்கை அடித்து அடித்து எழுதினாள். விடை தப்பு. எழுபதை ஒட்டி மார்க்.

மார்க் கொடுத்த மறுநாள் காலை, தையல்காரர் கழுத்தில் அளவு டேப்போடு வகுப்பு வாசலில் நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று டீச்சர் நினைத்தாள்.

"மார்க் குறைஞ்சிருக்கு டீச்சர்."

"ஆமாங்க."

"எப்பவும் பரீட்சைக்கு முந்தின நாள் வாந்தி எடுப்பா. இந்தத் தடவை ஒழுங்காச் சாப்பிட்டுட்டு, பேசிக்கிட்டே தூங்கிட்டா. காய்ச்சலோன்னு நானும் அவ அம்மாவும் மாத்தி மாத்தித் தொட்டுப் பாத்தோம்னா பாத்துக்கோங்க."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். டீச்சருக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

"அந்தக் கணக்கு என்னாச்சு?" என்றார் அவர்.

"இன்னும் வரல. காலையில வந்ததும் மறுபடி போட உக்காந்துட்டா, அதோ பாருங்க."