மேடம் போட்ட பென்சில் வட்டம்

எங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டில் கட்டம் போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. புடவைக் கரைக்கு டிசைன் எழுதுவதற்காக வாங்கியது. அதன் முதல் பக்கத்தில் டிசைன் இல்லை. என் கையெழுத்தில் ஏழு வரிகள் இருக்கின்றன. ஏழாவது வரியைச் சுற்றி மெல்லிய பென்சில் வட்டம். அதைப் போட்டவர் எங்கள் தெருவுக்கு அருகில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லிக்கொண்டிருந்த டயட் மேடம். ஒவ்வொரு ஆடி மாதமும் அந்த நோட்டை எடுத்துப் பார்ப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். போன வாரம் வரை யாரிடமும் காட்டியதில்லை.

எனக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, மேடத்தையும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். அவர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த எல்லோர் கையிலும் போன். ஒரு அம்மாள் ஏதோ விதையை ஊறவைத்துக் குடிக்கும் வீடியோவைப் பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். என் போனிலும் ஒன்று இருந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், இருபத்தொரு நாள் சோறு, இட்லி எதையும் தொடாமல் வெண்பூசணிச் சாறு மட்டும் குடித்தால் சர்க்கரை ஓடிவிடும் என்று அடித்துச் சொன்னார். அதைப் பத்து தடவையாவது பார்த்திருப்பேன். மேடமும் அப்படி ஒன்றைத்தான் சொல்லப்போகிறார், இன்னும் பெரியதாகச் சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்துத்தான் உள்ளே போனேன்.

அவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சிறியவர். எங்கள் ஊருக்குப் பக்கத்து முசரவாக்கத்துக்காரர். மேசைமேல் ஒரு தட்டும் சோற்றுக் கரண்டியும் வைத்திருந்தார். தறிக் குழியில் எத்தனை மணி நேரம் காலை வைத்து உட்காருகிறேன், நடுவில் எழுந்திருக்கிறேனா, டீ எத்தனை, அதில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் சொன்னது இவ்வளவுதான்: மத்தியானம் ஒரு கரண்டி சோறு குறையுங்கள், அந்த இடத்தில் காய் வையுங்கள், மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள், சாப்பிடுவதையும் வேலையையும் ஒரு வாரம் எழுதிக்கொண்டு வாருங்கள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அரைநாள் வேலையை விட்டு வந்தது இதற்கா என்று தோன்றியது. என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாரோ என்னவோ, "போன்ல பேசறவருக்கு உங்களைத் தெரியாதுண்ணா. நீங்க எங்க உக்காந்துக்கினு இருக்கீங்க, எந்த மாத்திரை போடறீங்கன்னு அவருக்கு இன்னா தெரியும்?" என்றார். நான் தலையை ஆட்டினேன். எதிர்த்துப் பேச எனக்கு எப்போதும் வராது. சரி என்று சொல்லிவிட்டு, நினைத்ததைச் செய்வேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவியிடம் வெண்பூசணி வாங்கி வரச் சொன்னேன். போனில் பார்த்தது என்றால் திட்டுவாள். அதனால், "மேடம்தான் சொன்னாங்க" என்றேன். மேடம் பேரைச் சொன்னதும் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் மூன்று வேளையும் அவளே அரைத்து வடிகட்டிக் கொடுத்தாள். சாப்பிடாமல் அதைக் குடித்து, சர்க்கரை மாத்திரையையும் போட்டுக்கொண்டு தறியில் உட்கார்ந்தேன். ஆடி அமாவாசை அன்று படையல் போட்டு, வடையும் பாயசமுமாக இலை போட்டாள். அதையும் தொடவில்லை. "நாளும் கிழமையுமா ஒரு வாய் சோறு துன்னக்கூடாதா? இன்னா மேடம்பா இது!" என்று முணுமுணுத்தபடி இலையை எடுத்தாள்.

மறுநாள் மேடத்தைப் பார்க்கவேண்டிய நாள். நோட்டில் ஒன்றுமே எழுதவில்லை. ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, தேதி போட்டு முதல் வரியை எழுதினேன்: காலை எட்டு மணிக்குத் தறி, மூன்று இட்லி, மத்தியானம் இரண்டு கரண்டி சோறு, அவரைக்காய். புடவையில் ஒரு புட்டாப் பூவை எழுதிவிட்டால் மற்றதெல்லாம் அதே மாதிரிதானே என்கிற கைப்பழக்கத்தில், தேதி மட்டும் மாறி, கீழே ஆறு வரியும் அப்படியே இறங்கிவிட்டது. கூட்டம் அதிகம் என்பதால் மேடம் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, மத்தியானம் வரச் சொன்னார்.

மத்தியானம் என்னைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். தறியிலேயே கண் இருட்டி, பாவு நூலின்மேல் சாய்ந்துவிட்டேனாம். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. நான் கண் விழித்தபோது என் மனைவி மேடத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். "படையல் சோத்தைக்கூடத் தொடக்கூடாதுன்னு சொன்னியாமே! பூசணிக்கா தண்ணியைக் குடுத்து ஆளையே சாய்ச்சிட்டியே, நீயெல்லாம் படிச்சவளா?" மேடம் கையில் என் நோட்டு திறந்திருந்தது. அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும், அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் போதும். அவர் காட்டவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மயக்கம் தெளியாதவன் மாதிரி கிடந்தேன்.

இதையெல்லாம் என் மச்சான் போனில் பிடித்துத் தெருக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டான். அது எங்கெங்கோ போனது. சாயங்காலம் மேடம் தனியாக வந்து நோட்டைத் தலையணை ஓரம் வைத்து, "இனிமே அதைக் குடிக்காதீங்கண்ணா. மாத்திரை போட்டா சாப்பிடணும்" என்று மட்டும் சொன்னார். அடுத்த மாதம் போனபோது அந்த அறை பூட்டியிருந்தது. அவரைப் பார்க்க ஆள் வருவதில்லை என்றார்கள்.

வீட்டில்தான் நோட்டைத் திறந்தேன். வட்டம் போட்டிருந்தது அமாவாசை நாளின் வரி. அமாவாசை அன்று எங்கள் பக்கத்தில் எந்தத் தறியும் ஓடாது, படைக்காமல் யாரும் காலையில் சாப்பிடுவதும் கிடையாது. நான் எட்டு மணிக்குத் தறி, மூன்று இட்லி என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியிலேயே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

மூன்று வருடம் ஆகிவிட்டது. போன வாரம் மச்சான் வந்திருந்தான். அவனுக்கும் சர்க்கரையாம். "வாலாஜாபாத்துல ஒரு மருந்துக்கடை பின்னாடி அந்த டயட் அம்மா உக்காந்துக்கினு இருக்குதாம். அங்க மட்டும் போயிடாதப்பா" என்றாள் என் மனைவி. "நான் ஏன்கா போறேன்? எல்லாம் போன்லயே இருக்குது. நாளையிலேர்ந்து ஒரு சாறு குடிக்கப்போறேன், இருபத்தொரு நாள்" என்று அவன் போனை நீட்டினான். அதே வெள்ளைக் கோட்டு.

எழுந்து போய் பீரோவைத் திறந்தேன். நோட்டைத் திறந்து என் மனைவி கையில் கொடுத்தேன். அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். வரி வரியாக இறங்கி வந்த விரல், பென்சில் வட்டத்தில் நின்றது.

"நீ விழுந்ததுக்கு முந்தின நாளு இது. அமாவாசை அன்னிக்கு நீ எங்க தறி ஏறின?" என்றாள்.