எடை பார்க்கும் முன் ஒரு வாய் தண்ணீர்

திருவனந்தபுரத்தில் நடந்த ஜூனியர் ஒற்றை இருக்கைக் கார் பந்தயத்தில், ஓட்டுநர்களை எடை பார்க்கும் பொறுப்பு எனக்கு. ஓய்வுபெற்றவனுக்கு இப்படிப்பட்ட கௌரவங்கள் எளிதில் கிடைக்கும். விதிகள் மனப்பாடமாக இருந்தால் போதும்.

வேலியோரம் ஒருவர் நின்றார். வெயிலில் கருத்த வழுக்கை, தோளில் ஈரத்துண்டு. எந்தக் கார் கடந்தாலும், கடைசிக் காருக்கும்கூட, கைதட்டினார். அவர் மகன் இரண்டாவதாக வந்தான்.

முதலில் வந்த பையன் வியர்வை சொட்ட இறங்கி, யாரோ நீட்டிய தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். தண்ணீர் எடையைக் கூட்டிவிடும் என்பதால், எடை பார்க்கும் முன் எதுவும் குடிக்கக் கூடாது என்பது விதி. குடித்தால் வெற்றி பறிபோகும். வேலியோரம் நின்றவரின் மகனுக்கு முதலிடம் போகும். விதிமீறலைக் குறிக்க நான் பேனாவைத் திறந்தேன்.

“மோனே, குடிக்காதே! எடை பார்த்துட்டுக் குடி!” என்று அந்தப் பையனைப் பார்த்துக் கத்தியவர், வேலியோரம் நின்ற அவர்தான்.

பையன் எடை பார்த்து, வெற்றியோடு போனான். அவர் என்னிடம் வந்தார்.

“சாரும் பார்த்துண்டுதானே நின்னீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“எச்சரிக்கிறது என் டியூட்டி இல்லை.”

“சரிதான் சாரே, என் டியூட்டியும் இல்லை” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் கேலி துளியும் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லி, வெட்கத்திலிருந்து தப்பியிருப்பேன்.